சுவிசேஷமுத்து கோட்டு சூட்டு பெற்றுக்கொண்ட வரலாறு

பாளையங்கோட்டையில் பெரிய மனிதர்கள் பலர் பிறந்திருக்கிறார்கள். சிலர் பணி ஓய்வும் பெற்றிருக்கிறார்கள். சுவிசேஷமுத்து இரண்டாம் வகை. முப்பத்துநான்கு ஆண்டுகள் ஓர் அரசு அலுவலகத்தின் தபால் பிரிவில் ஒரே நாற்காலியில் அமர்ந்திருந்தார். எந்த அலுவலகம் என்று சொல்லத் தேவையில்லை. அங்கே போய்வந்தவர்களுக்குத் தெரியும், போகாதவர்கள் பாக்கியவான்கள்.

அவருக்குக் கொள்கை ஒன்றே ஒன்று. முதலில் கையெழுத்து, அப்புறம் காகிதம். கடிதம் வாங்க வருகிறவர் பதிவேட்டில் 'பெற்றுக்கொண்டேன்' என்று எழுதி, தேதி போட்டு, ஒப்பமிட்டால்தான் இழுப்பறை திறக்கும். திறந்த இழுப்பறைக்குள் கடிதம் இருக்கிறதா என்பது வேறு பிரிவின் கவலை. ஒருமுறை பாபநாசம் பக்கத்து விவசாயி ஒருவர் கையெழுத்துப் போட்டுவிட்டு வெறுங்கையோடு நின்றார்.

"வாங்கியாச்சுன்னு நீரே எழுதியிருக்கீரே வே. எழுத்து பொய் சொல்லுமா?" என்று இவர் கேட்டார்.

அந்த மனிதர் யோசித்துப் பார்த்தார். தான்தான் வாங்கி எங்கேயோ தொலைத்திருக்க வேண்டும் என்று முடிவு செய்து, ஊருக்குப் போய் இரண்டு நாள் தேடினார்.

பிறரிடம் கேட்கிற ஒழுக்கத்தை சுவிசேஷமுத்து தாமும் கடைப்பிடித்தார் என்பதை இங்கே பதிவு செய்ய வேண்டும். எதைப் பெற்றாலும் முழு வாக்கியம் எழுதித்தான் கையெழுத்திடுவார். கூரியர்காரர்கள் நீட்டும் உள்ளங்கை அளவுத் திரையில் விரல் நுனியால் 'மேற்படி உறை ஒன்று கிழிசலின்றி' என்று தொடங்குவார். அதற்குள் அவர்களுக்கு அடுத்த தெரு தாமதமாகிவிடும். தம் கல்யாணத்தன்று தேவாலயத்துப் பதிவேட்டில் 'மேற்படி மணமகளை நல்ல நிலையில்' என்று எழுதத் தொடங்கியபோது குருவானவர் பேனாவைப் பிடுங்கிக்கொண்டார் என்று அவர் மனைவி சாரம்மாள் இன்றும் சொல்வதுண்டு. அவர் மறுத்ததில்லை.

இந்த மகானின் ஒரே மகள் டார்லினுக்குத் திங்கட்கிழமை கல்யாணம். மூன்று ஞாயிறும் தேவாலயத்தில் கல்யாண அறிவிப்பான ஓலை வாசித்தாயிற்று, யாரும் ஆட்சேபிக்கவில்லை. மாப்பிள்ளை மெர்வின் மஸ்கட்டில் வேலை பார்க்கிறார். இருபது நாள் விடுப்பில் வந்திருந்தார். தங்கமான பையன், ஒரே குறை, ஆறடி இரண்டங்குலம். மாப்பிள்ளைக்குக் கோட்டு சூட்டு எடுத்துக் கொடுப்பது பெண் வீட்டார் பொறுப்பு அல்லவா? ஆறடி இரண்டங்குலத்துக்கு ஜங்ஷனிலும் கிடைக்கவில்லை, டவுனிலும் கிடைக்கவில்லை. இரவல் வாங்கவும் அந்த உயரத்தில் இன்னொரு மனிதன் ஜில்லாவில் இல்லை. கடைசியில் வண்ணார்பேட்டையில் புதிதாக வந்திருக்கும் கண்ணாடிக் கடையில் அளவு கொடுத்தார்கள்.

அந்தக் கடைக்கு ஒரு பெயர் உண்டு. ஆனால் எழுத்துகளை மிகவும் சுருட்டி எழுதியிருப்பதால் இதுவரை யாரும் வாசித்ததில்லை. முன்பக்கம் முழுதும் கண்ணாடி. அதற்குள் தலையில்லாத பொம்மைகள் விலையுயர்ந்த உடுப்புகளோடு நின்றுகொண்டிருக்கும். தலை இருப்பவர்கள் விலையைப் பார்த்துவிட்டு உள்ளே வரமாட்டார்கள் என்பதால் அப்படி ஓர் ஏற்பாடு போலும். பணம் முழுவதையும் முன்கூட்டியே வாங்கிக்கொண்டு, சனிக்கிழமை காலையில் சூட்டைத் தருவதாகச் சொல்லியிருந்தார்கள். அன்று மாலை ஐந்து மணிக்குப் பெருமாள்புரத்தில் மாப்பிள்ளை வீட்டில் ஜெபம். ஜெபம் முடிந்ததும் தாம்பாளத்தில் வைத்து சூட்டைக் கொடுக்க வேண்டும். ஞாயிற்றுக்கிழமை கடை விடுமுறை.

சனிக்கிழமை பதினொரு மணிக்கு சுவிசேஷமுத்து கண்ணாடிக் கதவைத் தள்ளினார். அது இழுக்கிற கதவு. காவலாளி பூதத்தான் வந்து இழுத்துவிட்டார். தோளில் பட்டையும் மார்பில் கயிறுமாக, ஏதோ ஒரு போரில் ஜெயித்துவிட்டு வந்தவர் மாதிரி இருந்தார் பூதத்தான்.

கவுண்டரில் இருந்த பெண்ணின் சட்டையில் 'பார்கவி' என்று பெயர் வில்லை குத்தியிருந்தது. அவள் முதலில் இவருடைய செருப்பைப் பார்த்தாள். பிறகு சட்டைப்பையில் இருந்த இரண்டு பேனாக்களைப் பார்த்தாள். முகத்தைப் பார்க்கும் அளவுக்கு இன்னும் பழக்கமாகவில்லை.

"ஆர்டர் நம்பர் சார்?"

"நானூத்திப் பதினேழு."

"இங்க சைன் பண்ணிட்டு வெயிட் பண்ணுங்க சார்."

ஒரு பதிவேட்டை நீட்டினாள். சுவிசேஷமுத்துவின் கண்கள் கலங்கின. ஓய்வு பெற்ற இரண்டு ஆண்டுகளில் முறையாகக் கோடு போட்ட பதிவேடு ஒன்றை அவர் பார்த்ததே இல்லை. மற்றவர்கள் அதில் புழு நெளிந்தாற்போலக் கிறுக்கியிருந்தார்கள். இவர் பேனா மூடியைக் கழற்றி, பின்னால் செருகி, மூன்று கட்டங்களையும் அடைத்து எழுதினார்: 'ஆர்டர் எண் 417-இல் கண்ட கோட்டு சூட்டு ஒன்று சரிபார்க்கப்பட்டு, குறைபாடு ஏதுமின்றி, பூரண திருப்தியுடன் பெற்றுக்கொண்டேன். மு.ப. 11.10.' கீழே ஒப்பமும் அடைப்புக்குறிக்குள் பெயரும்.

பார்கவி பில்லில் 'டெலிவரி முடிந்தது' என்று முத்திரை குத்திக் கொடுத்துவிட்டு, கையில் கார் சாவியோடு வந்த ஓர் அம்மாளை வரவேற்கப் போனாள். அந்த அம்மாளுக்குக் காபி வந்தது. சுவிசேஷமுத்துவுக்கு சோபா வந்தது. அதில் உட்கார்ந்தபோது அது அவரை இடுப்பு வரை உள்வாங்கிக்கொண்டது.

பன்னிரண்டு மணி ஆயிற்று. சூட்டு வரவில்லை. பன்னிரண்டரைக்கு அவர் சோபாவிலிருந்து ஒருவாறு தம்மை மீட்டுக்கொண்டு கவுண்டருக்குப் போனார்.

"எம்மா, நம்ம உருப்படி இன்னும் வரலியே?"

பார்கவி கணினியைத் தட்டினாள். "ஃபோர் ஒன் செவன்... டெலிவர்டுன்னு காட்டுதே சார்."

"என் கையில வரலம்மா."

"நீங்களே எழுதியிருக்கீங்களே சார்." பதிவேட்டைத் திருப்பிக் காட்டினாள். "பூரண திருப்தியுடன்னு வேற போட்டிருக்கீங்க. எங்க கஸ்டமர் யாருமே இப்படி எழுதினதில்ல சார். நாங்க போட்டோ எடுத்து ஹெட் ஆபீஸுக்கு அனுப்பியிருக்கோம்."

சுவிசேஷமுத்து தம் கையெழுத்தைப் பார்த்தார். மிக அழகாக இருந்தது. வாதத்தில் ஓட்டை இருக்கிறதா என்று தேடினார். முப்பத்துநான்கு ஆண்டு அனுபவத்தில் அவருக்குத் தெரிந்தவரை ஓட்டை இல்லை.

மேலாளரைப் பார்க்கலாம் என்று சொன்னார்கள். மேலாளர் சாய்கிருஷ்ணனுக்கு முப்பது வயதிருக்கும். வாடிக்கையாளர் மகிழ்ச்சிக்குப் பொறுப்பு என்று அவர் வில்லையில் எழுதியிருந்தது. காதில் ஒரு கருவியை மாட்டிக்கொண்டு எப்போதும் சென்னையோடு பேசிக்கொண்டிருந்ததால், எதிரில் நிற்பவரோடு பேசுகிறாரா சென்னையோடு பேசுகிறாரா என்பதைப் பதில் சொல்லிப் பார்த்துத்தான் தெரிந்துகொள்ள முடிந்தது.

"நோ நோ, அது பாசிபிள் இல்ல," என்றார் சாய்கிருஷ்ணன்.

"நான் இன்னும் ஒண்ணுமே கேக்கலியே."

"சாரி சார், சென்னை லைன்ல இருக்காங்க. உங்களுக்கு என்ன?"

விஷயத்தைக் கேட்டுக்கொண்டு வருத்தத்தோடு தலையாட்டினார். "டெலிவரியை ரிவர்ஸ் பண்ணலாம் சார். நான் தப்பா சைன் பண்ணிட்டேன், பார்க்காமலே எழுதிட்டேன்னு ஒரு லெட்டர் கொடுங்க. செவன் வொர்க்கிங் டேஸ்ல ப்ராசஸ் ஆகும்."

"திங்கக்கிழமை கல்யாணம்."

"கங்கிராட்ஸ் சார்," என்று கைகுலுக்கிவிட்டு சாய்கிருஷ்ணன் சென்னைக்குத் திரும்பிவிட்டார்.

வெளியே போய் யாரையாவது கூட்டிவரலாம் என்று சுவிசேஷமுத்து கதவுப் பக்கம் நடந்தார். பூதத்தான் மறித்தார்.

"பில்லு?"

கொடுத்தார்.

"பாக்கெட்டு?"

"பாக்கெட்டு தரல வே."

"முத்திரை விழுந்திருக்கே அண்ணாச்சி. பில்லுல ஒரு உருப்படி இருந்தா கையில ஒரு பாக்கெட்டு இருக்கணும். ரெண்டும் சேந்தாத்தான் பில்லுல ஓட்டை போட்டு வெளிய விடுவேன். இல்லைன்னா சாயந்திரம் எண்ணிப் பாக்கையில பில்லுக்கு ஒரு பாக்கெட்டு குறையும். போன மாசம் இப்படித்தான் ஒருத்தரை விட்டுட்டு எனக்கு ஒருநாள் சம்பளம் போச்சு."

"அப்பம் நான் என்ன செய்ய?"

"பில்லைக் கிழிச்சுப் போட்டுட்டு வெறுங்கையா வாங்க. சும்மா வேடிக்கை பாக்க வந்த ஆளுன்னு விட்டுருதேன்."

ஓர் ஆவணத்தைக் கிழிப்பதா? சுவிசேஷமுத்து, கெட்ட வார்த்தை கேட்டவர் போலப் பின்வாங்கினார். தவிரவும் அந்தப் பில் போய்விட்டால் சூட்டுக்கும் அவருக்கும் இந்த உலகத்தில் வேறு தொடர்பு இல்லை. பொருளைப் பெற்றுவிட்டதால் உள்ளே வேலை இல்லை. பொருள் கையில் இல்லாததால் வெளியே வழி இல்லை. திரும்பிப் போய் சோபாவுக்குத் தம்மை ஒப்படைத்தார்.

செல்போன் அடித்தது. சாரம்மாள்.

"எங்கன இருக்கிய? சாப்பாடு ஆறிப்போச்சு."

"கடையிலதான்."

"இன்னுமா? கோட்டு வாங்கியாச்சா?"

இந்தக் கேள்விக்கு உண்மையான பதில் எது என்று அவருக்கே தெரியவில்லை. "எழுத்துப்படி வாங்கியாச்சு," என்றார்.

"எழுத்துப்படின்னா? இங்க பாருங்க, மாப்பிள்ளைக்கு வேற கோட்டு கிடையாது. மேடையில மத்தவன் எல்லாம் கோட்டு போட்டு நிக்க, அது மட்டும் சட்டையோட நின்னா, அவுக அத்தைமாரு நம்ம பிள்ளையைக் காலம்பூரா சொல்லிக் காட்டுவாளுக. சூட்டு இல்லாம இந்தப் பக்கம் வந்திராதிய."

வரமுடியாது என்பதை அவர் சொல்லவில்லை.

ஒன்றரை மணி. பசித்தது. குளிர்பதனம் காது மடலைக் கடித்தது. எங்கிருந்தோ மல்லிகை வாசனையை இயந்திரம் ஒன்று மூன்று நிமிடத்துக்கு ஒருமுறை பீய்ச்சிக்கொண்டிருந்தது. எழுந்து நடந்தால் ஒரு பணியாள் "ஹெல்ப் பண்ணட்டுமா சார்?" என்று பின்னாலேயே வந்தான்; உதவி கேட்டால் மறைந்தான். பார்கவிக்கு ஆழ்வார்குறிச்சியிலிருந்து அவள் அம்மா பேசினாள் போலும். சட்டென்று அவளுடைய தமிழ் ஊர் திரும்பியது.

"சாப்பிடலம்மா. இங்கன ஒரு அண்ணாச்சி காலைல இருந்து உக்காந்திருக்காரு, நகரவே மாட்டேங்காரு. பாவமாத்தான் இருக்கு. நான் என்ன செய்ய முடியும், கம்ப்யூட்டர் அப்படிச் சொல்லுது."

சுவிசேஷமுத்துவுக்குக் கோபம் வரவில்லை. அவள் நன்றாக வருவாள் என்று நினைத்துக்கொண்டார்.

இரண்டேகால் மணிக்குத்தான் அந்தக் கண்டுபிடிப்பு நிகழ்ந்தது. சோபா தெருவைப் பார்த்திருந்தது. எதிரே கண்ணாடிக்குள் நின்ற பொம்மைகளின் முதுகுகளைத்தான் அவர் மூன்று மணி நேரமாகப் பார்த்துக்கொண்டிருந்தார். அவற்றில் ஒரு முதுகு மற்ற முதுகுகளைவிட நீளம். கருநீலக் கோட்டு. அதன் கீழ் விளிம்பில் ஒரு சிறு துணிச்சீட்டு ஊசியில் தொங்கிக்கொண்டிருந்தது. அருகில் போய் மூக்குக்கண்ணாடியை இறக்கிக்கொண்டு பார்த்தார். 417.

கவுண்டரில் அதைச் சொன்னபோது சாய்கிருஷ்ணனே வந்தார். பொம்மையைச் சுற்றி வந்து சீட்டைப் படித்தார். முகம் கொஞ்சம் மாறியது, உடனே சரியாகிவிட்டது.

"காலையில டிஸ்ப்ளே மாத்தறப்போ நல்லா இருக்குன்னு யாரோ மாட்டியிருக்காங்க சார். பட், இது உங்களுது கிடையாது."

"நம்பர் இருக்கே?"

"நம்பர் இருக்கு சார். ஆனா ஃபோர் ஒன் செவன் டெலிவர் ஆயிடுச்சு. டெலிவர் ஆன பொருள் ஷாப்ல இருக்க முடியாதே? அதனால இது வேற."

சுவிசேஷமுத்து அவரை மரியாதையோடு பார்த்தார். தம் நாற்காலிக்கு ஏற்ற வாரிசு இல்லாமல் போய்விட்டதே என்று பணி ஓய்வு நாளன்று வருந்தியவர் அவர்.

"சரி, வேறன்னே இருக்கட்டும். கழட்டித் தாங்களேன்."

"விண்டோ டிஸ்ப்ளே சென்னையில இருந்து செட் பண்றது சார். அவங்க அப்ரூவல் இல்லாம நாங்க ஒரு பட்டனைக்கூடத் தொட முடியாது. மெயில் போடறேன். மண்டே ரிப்ளை வந்துரும்."

"திங்கக்கிழமை..."

"கல்யாணம். ஞாபகம் இருக்கு சார்," என்று அன்போடு சொல்லிவிட்டு அவர் மேல்மாடிக்குப் போனார். மணி மூன்றானது. மூன்றரையானது. மஸ்கட்டிலிருந்து வந்தவர் திங்கட்கிழமை அணிய வேண்டிய கோட்டு, எட்டடி தூரத்தில், தலையில்லாத ஒரு மாப்பிள்ளையின் உடம்பில் வெயில் காய்ந்துகொண்டிருந்தது.

நான்கு மணிக்குக் கதவோரம் போய் நின்றார். போகமுடியாது என்று தெரிந்தும், வெளியே பஸ் போவதையாவது பார்க்கலாமே என்றுதான். பூதத்தான் மெல்லிய குரலில் பேச்சுக் கொடுத்தார்.

"அந்தப் பொம்மைதானா அண்ணாச்சி? காலைல மாட்டும்போதே பாத்தேன்."

"பாத்தீரா? பின்ன ஏன் வே சொல்லல?"

"நீங்க எங்கிட்ட பாக்கெட்டைப் பத்தித்தானே பேசுனிய. பொம்மையைப் பத்திக் கேக்கலியே." பிறகு சுற்றிலும் பார்த்தார். "ஒண்ணு சொல்லுதேன். பொம்மையைத் தொடப்படாதுன்னு அவங்களுக்குத்தான் சட்டம். உங்களுக்கு யாரும் சொல்லல."

"எடுத்தாலும் நீரு விடமாட்டீரே. கோட்டு கையில இருந்தா பாக்கெட்டு எங்கன்னு கேப்பீரு."

"ஆமா, கேப்பேன். கையில கோட்டு தனியா வரப்படாது. பாக்கெட்டுதான் வரணும். பாக்கெட்டுக்குள்ள என்ன இருக்குன்னு பாக்கது என் வேலை இல்ல." தாடையைச் சொறிந்தார். "அதே மாதிரி, ஆளு என்ன உடுத்தியிருக்காருன்னு பாக்கதும் என் வேலை இல்ல. அம்மணமா வந்தா மட்டும் தடுக்கச் சொல்லியிருக்காங்க."

ஒரு விதியை இவ்வளவு நுட்பமாக வாசித்த மனிதரைத் தம் அலுவலகத்தில் சுவிசேஷமுத்து சந்தித்ததில்லை. இப்படிப்பட்டவர் கதவு இழுத்துக்கொண்டிருக்கிறாரே!

சுவிசேஷமுத்து தம் வாழ்நாளில் தொடாதே என்றதைத் தொட்டதில்லை. நாலு பத்துக்குக் காட்சி மேடையில் ஏறினார். எதிர்ச்சாரியில் டீ குடித்துக்கொண்டிருந்தவர்கள் கிளாசை இறக்கினார்கள். அரசு ஊழியர் ஒருவர், ஓய்வு பெற்றவர், வெள்ளைச் சட்டைக்காரர், பட்டப்பகலில் ஒரு பொம்மையின் கால்சட்டையைக் கழற்றுவதை வண்ணார்பேட்டை கவனித்தது. நகரப் பேருந்து ஒன்று வேகம் குறைத்தது. பொம்மையின் கை இடையில் கழன்று விழுந்தது. எடுத்து, தூசி தட்டி, மரியாதையோடு மீண்டும் மாட்டினார். பார்கவி பார்த்தாள். போனைக் காதில் வைத்துக்கொண்டு, சுவர்ப்பக்கம் திரும்பி, "ஆமாம்மா, சொல்லும்மா," என்றாள். போன் அடிக்கவே இல்லை.

உடுப்பு மாற்றும் அறை காலியாக இருந்தது. ஐந்தடி மூன்றங்குல மனிதர் ஒருவர் ஆறடி இரண்டங்குலத்துக்குள் நுழைந்தார். கால்சட்டையை ஆறு மடிப்பு மடித்தும் போதவில்லை. இடுப்பில் தம் பெல்ட்டைக் கட்டினார். கோட்டு முழங்காலைத் தொட்டது. கைகள் எங்கே முடிகின்றன என்பது வெளியாருக்குத் தெரியவில்லை. சொந்தச் சட்டையையும் கால்சட்டையையும் மடித்து, பூதத்தான் அறையின் திரைச்சீலைக்கு அடியில் தள்ளியிருந்த கடைப்பையில் வைத்தார்.

வெளியே வந்தபோது பார்கவி எதிரில் நின்றாள். கையில், வாடிக்கையாளரிடம் மதிப்பெண் கேட்கும், நட்சத்திரங்கள் போட்ட சிறு கணினித் திரை. அவள் அவருடைய முகத்தைப் பார்த்தாள். அன்று முதல் தடவை.

"ஃபிட்டிங் ஓகேயா சார்?"

"கொஞ்சம் லூஸு," என்றார் சுவிசேஷமுத்து.

"ஃபீட்பேக் அப்புறம் வாங்கிக்கிடுதேன். போயிட்டு வாங்க அண்ணாச்சி."

கதவில் பூதத்தான் பில்லை வாங்கினார். பையை எண்ணினார்: ஒன்று. பில்லில் உருப்படி: ஒன்று. ஓட்டை போட்டார். நெற்றியில் கைவைத்து ஒரு சல்யூட்டும் அடித்தார். உடுப்புக்கு ஏற்ற மரியாதை.

ஆட்டோவில் போகும்போது காலை 11.10 என்று எழுதியது பற்றி அவருக்கு ஒரு சிறு உறுத்தல் வந்தது. மாலை 4.40-க்கு அது மெய்யாகிவிட்டது; இடையில் நிகழ்ந்தது தாமதம் மட்டுமே; தாமதத்தைப் பொய் என்று எந்த அலுவலகமும் கருதுவதில்லை என்று சமாதானம் செய்துகொண்டார். ஓட்டுநர் கண்ணாடியில் பார்த்துப் பார்த்து, கடைசியில் கேட்டேவிட்டார்.

"அண்ணாச்சி நாடகமா?"

"நேரா ஓட்டும் வே. அஞ்சாகப் போவுது."

பெருமாள்புரம் போய்ச் சேர்ந்தபோது ஐந்து பத்து. வாசலில் ஒரே செருப்பு. கூடத்தில் முப்பது பேர் கண்களை மூடி நின்றிருந்தார்கள். குருவானவர் ஜெபத்தைத் தொடங்கியிருந்தார். அவருடைய ஜெபம் ஆதாமிலிருந்து தொடங்கும் என்பது ஊர் அறிந்தது. இப்போதுதான் நோவாவின் பேழைக்கு வந்திருந்தார். நேரம் இருந்தது. சாரம்மாளின் கையில் வெறும் தாம்பாளம் இருந்தது. அவளும் கண்ணை மூடியிருந்தாள். அவளுடைய ஜெபம் வேறாக இருந்திருக்கும்.

கண் திறந்திருந்தவர் ஒருவர்தான். முப்பது தலைகளுக்கு மேலாக மெர்வினின் தலை இருந்தது. தம் கல்யாண சூட்டு மாமனாரை உள்ளே வைத்துக்கொண்டு வாசலில் நிற்பதை அவர் கண்டார். பைய நகர்ந்து வந்து, பக்கத்து அறைக் கதவைத் திறந்துவிட்டு, இவர் நுழைந்ததும் வெளியிலிருந்து சாத்தி, அதன் முன்னால் கண்ணை மூடிக்கொண்டு நின்றார். ஆறடி இரண்டங்குலம் அன்றுதான் சுவிசேஷமுத்துவுக்குப் பிடித்துப்போனது.

உள்ளே பெல்ட்டு சிக்கியது. ஜெபம் ஆபிரகாமைத் தாண்டியது. ஒரு மடிப்பு அவிழ்ந்து கால் தடுக்கியது. ஈசாக்குக்குப் பெண் பார்த்தார்கள். அவர் சொந்தச் சட்டையின் மூன்றாவது பொத்தானைப் போடும்போது குருவானவர் கானாவூர்க் கல்யாணத்துக்கு வந்துவிட்டார். கோட்டையும் அதன் கால்சட்டையையும் உதறி, மடித்து, கதவிடுக்கு வழியாக நீட்டினார். மெர்வினின் நீண்ட கை பின்பக்கமாக வந்து வாங்கியது. அப்படியே பக்கவாட்டில் நீண்டு தாம்பாளத்தில் வைத்தது.

"ஆமென்," என்றார்கள் முப்பது பேரும்.

சாரம்மாள் கண்ணைத் திறந்தாள். தாம்பாளத்தைப் பார்த்தாள். கர்த்தர் இவ்வளவு சீக்கிரம் கேட்பார் என்று அவள் எதிர்பார்க்கவில்லை. மறுபடியும் கண்ணை மூடிக்கொண்டாள்.

மெர்வினின் அம்மா வந்து கோட்டின் மேல் கைவைத்துத் தடவிப் பார்த்தாள். முகம் மலர்ந்தது.

"தொட்டுப் பாருங்களேன், எப்படிச் சூடா இருக்குன்னு. இப்பத்தான் தேச்சு எடுத்தாந்திருக்காங்க. பெரிய கடைன்னா பெரிய கடைதான்!"